ஹாஃப்-டன் பிக்கப்ல ஃபிஃப்த் வீல் கேம்பர்: கதவு ஸ்டிக்கர்ல இருந்து கேம்ப்சைட் வரைக்கும் முழு வழிகாட்டி

அமெரிக்காவுல எஃப்-150, சில்வராடோ 1500, ராம் 1500, டன்ட்ரா இந்த மாதிரி ஹாஃப்-டன் பிக்கப் (ஃபுல்-சைஸ் பிக்கப்ல லேசான ரகம்) வச்சிருக்கறவங்க ஆர்வி ஷோவுக்கு, அதாவது கேம்பிங் வண்டிக் கண்காட்சிக்குப் போனா ஒரு ஃபிஃப்த் வீல் (பிக்கப்போட பின் தொட்டிக்குள்ள மாட்டி இழுக்கற வீட்டு டிரெய்லர்) உள்ளயாவது ஏறிப் பார்த்துருவாங்க, பார்த்தப்புறம் சாதாரண டிரெய்லர் மேல மனசு நிக்காது. நிமிர்ந்து நடக்கலாம், ரெண்டு படி ஏறினா பெட்ரூம், நின்னு சமைக்க ஒழுங்கான இடம். பக்கத்துல நிக்கற சேல்ஸ்மேன் கிட்ட என் வண்டி இதை இழுக்குமான்னு கேட்டா "உங்க வண்டி 11,000 பவுண்ட் இழுக்கும், இது காலியா 7,000 தானே, தாராளமா இழுக்கும்"னு சொல்லுவாரு. அவர் சொல்றது பொய் இல்ல, இழுக்கும்தான். சுமக்குமான்னு யாரும் கேக்கறதில்ல, ஹாஃப்-டன்ல பிரச்சனையே அங்கதான் ஆரம்பிக்குது.

அதனால இந்தக் கட்டுரையில பாதி கணக்குதான், பொறுத்துக்கோங்க. மாட்டறது, ஓட்டறது, ரிவர்ஸ் எடுக்கறது எல்லாம் ஒரு வாரத்துல கை பழகிடும். கணக்கு தப்பாப் போச்சுன்னா வாங்கின கேம்பரை நஷ்டத்துல விக்கணும், இல்லேன்னா வேற டிரக் வாங்கணும்.

பாரம் எங்க உக்காருது

பின் பம்பர் பக்கம் பால் ஹிட்ச்ல (இரும்பு உருண்டை வச்ச இணைப்பு) மாட்டற சாதாரண டிரெய்லர்ல மொத்த எடையில 10ல இருந்து 15 சதவீதம் வரைக்கும் டிரக் மேல விழும். ஃபிஃப்த் வீல்ல டிரெய்லரோட முன் கழுத்துல 2 இன்ச் கனத்துல ஒரு கிங்பின் கீழ நோக்கித் தொங்கும், அது டிரக் பெட்டுக்குள்ள, அதாவது பின்னாடி இருக்கற திறந்த தொட்டிக்குள்ள, பின் ஆக்ஸிலுக்கு நேர் மேலயோ கொஞ்சம் முன்னாடியோ இருக்கற ஹிட்ச்ல போய் உக்காரும். இங்க டிரக் மேல விழற எடை 15ல இருந்து 25 சதவீதம், பெரும்பாலும் 20 கிட்ட வரும்.

மாட்டு வண்டி ஓட்டினவங்களுக்கு முன்பாரம் பின்பாரம் கணக்கு தெரியும், முன்பாரம் கூடினா மாட்டுக் கழுத்துல அழுத்தும், பின்பாரம் கூடினா நுகத்தடி மேல தூக்கும். இங்கயும் அதேதான், முன்பாரம் நல்லா இருக்கறதாலயும் அது ஆக்ஸில் மேலயே உக்கார்றதாலயும்தான் ஃபிஃப்த் வீல் ஹைவேல ஆடாம வருது, பெரிய லாரி பக்கத்துல உரசிக்கிட்டுப் போனாலும் சாதாரண டிரெய்லர் மாதிரி வாலை ஆட்டாது. அந்த நிம்மதிக்கு டிரக்கோட முதுகுதான் விலை கொடுக்குது. இன்னொரு விஷயம், பால் ஹிட்ச் டிரெய்லர்ல வெயிட் டிஸ்ட்ரிப்யூஷன் ஹிட்ச் போட்டு கொஞ்சம் பாரத்தை முன் சக்கரத்துக்கும் டிரெய்லர் சக்கரத்துக்கும் தள்ளலாம், ஃபிஃப்த் வீல்ல அந்த வசதி கிடையாது, விழற பாரம் விழுந்ததுதான்.

முதல் வேலை: டிரைவர் கதவைத் திறங்க

பிரவுச்சரை மூடி வச்சுட்டு டிரைவர் பக்கக் கதவைத் திறந்து கதவு நிலையில பாருங்க. மஞ்சளும் வெள்ளையுமா ஒரு ஸ்டிக்கர் இருக்கும், டயர் சைஸ், காத்து அளவு எல்லாம் போட்டு, ஆளும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல போகக்கூடாதுன்னு ஒரு நம்பர் இருக்கும். அதுதான் உங்க பேலோடு, உங்க வண்டிக்குன்னே போட்டது. பக்கத்து வீட்டுக்காரர் அதே மாடல், அதே வருஷம் வச்சிருந்தாலும் அவருக்கு வேற நம்பர் வரலாம். சன்ரூஃப், லெதர் சீட், 4x4, பெரிய சக்கரம்னு ஏத்த ஏத்த இந்த நம்பர் குறைஞ்சுக்கிட்டே வரும். உச்சபட்ச சொகுசு டிரிம் வாங்கினவருக்கு 1,400 இருக்கும், துணி சீட்டும் ஹெவி பேலோடு பேக்கேஜும் வச்சு வாங்கின கான்ட்ராக்டருக்கு 2,400 இருக்கும், ரோட்ல ரெண்டும் எஃப்-150தான்.

பக்கத்துலயே இன்னொரு ஸ்டிக்கர் இருக்கும், அதுல ஜி.வி.டபிள்யூ.ஆர், அதாவது டிரக் மொத்தமா எவ்வளவு எடை நிக்கலாங்கறதும், முன் ஆக்ஸில் பின் ஆக்ஸில் தனித்தனியா எவ்வளவு தாங்கும்ங்கறதும் இருக்கும். ரெண்டையும் ஃபோன்ல போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.

அப்படியே ஓனர்ஸ் மேனுவலையும் ஒரு புரட்டு புரட்டுங்க. சில லைட் பிக்கப்ல ஃபிஃப்த் வீல் மாட்டவே கூடாதுன்னு நேரடியாப் போட்டிருப்பாங்க, அப்படி இருந்தா இதோட நிறுத்திக்கலாம்.

கணக்கு

ஒரு உதாரணம் எடுத்துக்கலாம். எஃப்-150 சூப்பர்குரூ, ஜி.வி.டபிள்யூ.ஆர் 7,050, ஸ்டிக்கர்ல பேலோடு 1,900. ஹாஃப்-டன்னுக்கு இது நல்ல நம்பர்தான்.

புருஷன் பொண்டாட்டி ரெண்டு பசங்க சேர்ந்து 440 பவுண்ட். ஹிட்ச் ஒரு 150. டூல் பாக்ஸ், கூலர், பெட் மேல போட்ட மேட் எல்லாம் சேர்த்து 60. மொத்தம் 650 போயிடுச்சு, மிச்சம் 1,250. கிங்பின் வெயிட் 20 சதவீதம்னு வச்சா 1,250ஐ 0.20ஆல வகுங்க, 6,250 வரும். அதாவது தண்ணி, துணிமணி, மளிகை எல்லாம் ஏத்தின நிலையில கேம்பர் 6,250 பவுண்டுக்குள்ள இருக்கணும். இழுக்கற சக்தி 11,000 இருக்கற வண்டிக்கு நிஜ எல்லை 6,250.

அந்த 11,000 எப்படி வந்துச்சுன்னா, கம்பெனிங்க எஸ்.ஏ.இ ஜே2807ன்னு ஒரு ஸ்டாண்டர்ட் வச்சு டெஸ்ட் பண்றாங்க, அதுல முன் சீட்ல ரெண்டு பேரு, ஆளுக்கு 150 பவுண்ட்னு வச்சுப்பாங்க. பின் சீட்ல பசங்க, நாய், கூலர் எதுவும் அந்தக் கணக்குல இல்ல.

இப்ப கேம்பர் பக்கம் வாங்க. பிரவுச்சர்ல டிரை வெயிட் 7,000, கிங்பின் வெயிட் 1,250ன்னு போட்டு ஹாஃப்-டன் வண்டிக்கு ஏத்ததுன்னு ஸ்டிக்கரும் ஒட்டியிருப்பாங்க. டிரைன்னா பேட்டரி கூட இல்லாம ஃபேக்டரியில இருந்து வந்த எடையா இருக்கலாம். அந்த எடையில யாரும் கேம்பிங் போறதில்ல. அதே கேம்பரோட ஜி.வி.டபிள்யூ.ஆர் 8,995ன்னு பக்கவாட்டு ஸ்டிக்கர்ல இருக்கும், அதுல 20 சதவீதம் எடுத்தா 1,800 வரும், நம்ம கிட்ட இருக்கறது 1,250. 550 பவுண்ட் ஓவர். எப்பவும் கேம்பரோட ஜி.வி.டபிள்யூ.ஆர் வச்சுக் கணக்குப் போடுங்க, டிரை வெயிட் வச்சுப் போடாதீங்க, முக்கால்வாசிப் பேர் ஏமாறறது இந்த இடத்துலதான்.

பின்னாடி ஏர் பேக் போட்டா சரியாயிடும்னு ஒருத்தர் கண்டிப்பா சொல்லுவாரு. ஏர் பேக் போட்டா பின்பக்கம் அமுங்காம நிமிர்ந்து நிக்கும், பார்க்க நல்லா இருக்கும், ஓட்டவும் கொஞ்சம் நல்லா இருக்கும். ஆக்ஸில், வீல் பேரிங், பிரேக், ஃப்ரேம் எல்லாம் அதே பழையதுதான், ஸ்டிக்கர்ல நம்பர் ஒரு பவுண்ட் கூட ஏறாது.

அப்ப எந்த கேம்பர் பொருந்தும்

பேலோடு 1,500க்குக் கீழ இருந்தா, குடும்பத்தோட போறவங்க ஃபிஃப்த் வீலை மறந்துருங்க, பால் ஹிட்ச் டிரெய்லர் பாருங்க, அதுல ஒண்ணும் கேவலம் இல்ல. ரெண்டே பேர்னா மினசோட்டாவுல செய்யற ஸ்காம்ப் 19 அடி ஃபைபர்கிளாஸ் ஃபிஃப்த் வீல் ஒண்ணு இருக்கு, ரொம்ப லேசு. கனடாவுல எஸ்கேப் கம்பெனியும் அந்த மாதிரி ஒண்ணு போட்டிருக்காங்க. இடம் குறைவு, ஆனா ஹாஃப்-டன்னுக்கு உண்மையிலேயே பொருந்தறது இந்த ஜாதிதான்.

1,900ல இருந்து 2,400 வரைக்கும் பேலோடு இருக்கறவங்கதான் கிராண்ட் டிசைன் ரிஃப்ளெக்ஷன் 150 சீரிஸ், கீஸ்டோன் கூகர் ஹாஃப்-டன், ஜேகோ ஈகிள் எச்.டி இந்த வரிசைப் பக்கம் போகலாம், அதுலயும் ரெண்டு மூணு ஸ்லைடு அவுட் (நிறுத்தினப்புறம் வெளிய நீட்டிக்கற அறைப் பகுதி) வச்ச பெருசை விட்டுட்டு சின்ன ஃப்ளோர் பிளானா, கிங்பின் வெயிட் கம்மியா இருக்கறதாப் பாருங்க. அதுவும் மேல போட்ட கணக்கை உங்க நம்பர் வச்சுப் போட்டு ஜி.வி.டபிள்யூ.ஆர்லயும் தேறினாத்தான்.

பேசாம முக்கா-டன், அதாவது ஹாஃப்-டன்னுக்கு அடுத்த பெரிய ரகப் பிக்கப், எடுத்துடலாம்னு தோணும். எடுக்கலாம், ஆனா அங்கயும் ஸ்டிக்கரைப் பார்த்துட்டு எடுங்க. டீசல் எஞ்சின், 4x4, சொகுசு டிரிம் எல்லாம் சேர்ந்த முக்கா-டன் சிலதுல பேலோடு 2,000 சொச்சம்தான் நிக்குது, நல்லா ஆர்டர் பண்ணின ஹாஃப்-டன்னே அதைத் தாண்டிடும்.

பெட் நீளமும் ஹிட்ச்சும்

இப்ப விக்கற குரூ கேப் (நாலு கதவு கேபின்) ஹாஃப்-டன்ல பெரும்பாலும் ஐந்தரை அடி பெட்தான். கேம்பர் 8 அடி அகலம்னா நடுவுல இருந்து ஓரம் வரைக்கும் 48 இன்ச். வண்டியை முழுசா மடக்கித் திருப்பும்போது அந்த 48 இன்ச் மூலை டிரக் கேபினோட பின் கண்ணாடிப் பக்கம் வரும். சின்ன பெட்ல ஹிட்ச் நடுவுக்கும் கேபினுக்கும் அவ்வளவு இடைவெளி இருக்காது. ஹைவேல ஓட்டும்போது ஒண்ணும் தெரியாது, கேம்ப்கிரவுண்ட்ல இடுக்குல ரிவர்ஸ் எடுக்கும்போது டப்புனு கண்ணாடி போகும்.

இதுக்கு வழி மூணு. ஸ்லைடர் ஹிட்ச் போடலாம், ரிவர்ஸ் எடுக்க முன்னாடி ஹிட்ச்சைப் பின்னாடி தள்ளிக்கலாம், கையால தள்ளறதும் இருக்கு, புல்ரைட் சூப்பர்கிளைட் மாதிரி திருப்பத்துல தானா நகர்றதும் இருக்கு. ஆனா தானா நகர்றது கனம் ஜாஸ்தி, அந்தக் கனம் உங்க பேலோடுலதான் கழியும். ரெண்டாவது, கேம்பர் பக்கத்துல கிங்பின் தொங்கற பாக்ஸையே மாத்தி, திரும்பற புள்ளியைப் பின்னாடி கொண்டு போற சைட்வைண்டர் வகை. மூணாவது, இப்ப வர்ற நிறைய கேம்பர்ல முன் மூக்கை ரெண்டு ஓரத்துலயும் உள்வாங்கி வளைச்சு வச்சிருக்காங்க, அது இருந்தா சாதாரண ஹிட்ச்லயே ஓரளவு திரும்பலாம். டீலர் சொன்னாருன்னு நம்பாம, மாட்டினதும் காலி மைதானத்துல ஒருத்தரை வெளிய நிக்க வச்சு மெதுவா மடக்கி, எவ்வளவு கோணத்துல எவ்வளவு இடம் மிஞ்சுதுன்னு பார்த்துக்கோங்க.

எடை மிச்சம் பண்ணணும்னா ஆண்டர்சன் அல்டிமேட் மாதிரி அலுமினியம் ஹிட்ச் இருக்கு, ஒரு ஆள் ஒத்தக் கையில தூக்கற கனம்தான், சாதாரண இரும்பு ஹிட்ச்சோட பார்த்தா நூறு பவுண்டுக்கு மேல மிச்சம். ஹாஃப்-டன்ல நூறு பவுண்ட்னா கேம்பர் கணக்குல 500 பவுண்ட், சும்மா இல்ல. ஆனா அது கேம்பர் பக்கம் கிங்பின்ல ஒரு அடாப்டர் மாட்டி, பெட்ல இருக்கற உருண்டை மேல உக்கார்ற டிசைன், உங்க கேம்பரோட ஃப்ரேம் கம்பெனி அதை ஒத்துக்குதான்னு வாரன்ட்டி பேப்பர்ல பார்த்துட்டு வாங்குங்க.

ஃபிட்டிங் சமாச்சாரம்: ஹிட்ச் ரெயில் டிரக்கோட ஃப்ரேம்ல போல்ட் போட்டு நிக்கணும், வெறும் பெட் தகட்டுல இல்ல. உங்க மாடலுக்குன்னு வர்ற பிராக்கெட் கிட் வாங்குங்க. துளை போடறதுக்கு முன்னாடி அடியில படுத்து பெட்ரோல் லைன், பிரேக் லைன், வயர் எங்க போகுதுன்னு பார்க்கணும், தன்னால முடியும்னு தைரியம் இல்லாதவங்க ஷாப்ல கொடுத்துடுங்க. கிங்பின் உக்கார்ற இடம் பின் ஆக்ஸிலுக்கு நேராவோ ரெண்டு மூணு இன்ச் முன்னாடியோ வரணும், பின்னாடி வரவே கூடாது, வந்தா முன் சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பிடி போயிடும்.

உயரமும் பார்க்கணும். பெட் பக்கச் சுவருக்கும் கேம்பர் அடிக்கும் நடுவுல ஒரு 6 இன்ச்சாவது இடைவெளி வேணும், மேடு பள்ளத்துல ஏறி இறங்கும்போது இடிக்காம இருக்க. இப்ப வர்ற 4x4 பிக்கப்ல பக்கச் சுவர் உசரம், இடைவெளி வேணும்னு ஹிட்ச்சை ஏத்தினா கேம்பர் மூக்கு தூக்கி நிக்கும், அப்ப கேம்பரோட பின் ஆக்ஸில் மேல பாரம் கூடும். மாட்டினதும் பக்கவாட்டுல தள்ளி நின்னு பாருங்க, கேம்பர் மட்டமா நிக்கணும்.

பிரேக்கும் டயரும்

கேம்பர்ல எலெக்ட்ரிக் பிரேக் இருக்கும், அதை டிரக்ல இருந்து பிரேக் கன்ட்ரோலர் இயக்கும். டோ பேக்கேஜ் இருக்கற வண்டியில டேஷ்போர்டுலயே வரும். பம்பர்ல இருக்கற 7 பின் சாக்கெட் பெட்டுக்குள்ள எட்டாது, பெட் உள் சுவர்லயே இன்னொரு சாக்கெட் வர்ற மாதிரி ஒரு ஹார்னஸ் கிடைக்குது, அதைப் போட்டுக்கோங்க.

கெயின், அதாவது கேம்பர் பிரேக் எவ்வளவு பலமாப் பிடிக்கணும்ங்கற அளவு, செட் பண்ற விதம்: காலி பார்க்கிங் லாட்ல 25 மைல் வேகத்துல போய், கால் பிரேக்கைத் தொடாம கன்ட்ரோலர்ல இருக்கற கை லீவரை மட்டும் அழுத்துங்க. கேம்பர் பின்னாடி இழுத்துப் பிடிக்கறது தெரியணும். சக்கரம் லாக் ஆகிற அளவு வரைக்கும் ஏத்திட்டு அதுக்குக் கொஞ்சம் கீழ வச்சுக்கோங்க. காலி கேம்பருக்கும் லோடு ஏத்தின கேம்பருக்கும் செட்டிங் வேற, மழை பெஞ்சா இன்னும் கொஞ்சம் குறைக்கணும்.

டயர்ல ரெண்டு விஷயம். கேம்பர்ல வர்ற எஸ்.டி (டிரெய்லருக்குன்னே செய்யற) டயர் நிறையது 65 மைல் வேகத்துக்குத்தான் ரேட் பண்ணினது, வேற ஸ்பீடு ரேட்டிங் டயர்லயே அச்சடிச்சிருந்தா ஒழிய. டெக்சாஸ் ரோட்ல 75 போர்டு இருக்குன்னு நீங்களும் 75ல போனா வெயில்ல டயர் வெடிக்கும், வெடிச்சா டயரோட போகாது, சக்கரத்து மேல இருக்கற தகடு, பைப்பு எல்லாத்தையும் கிழிச்சுட்டுப் போகும். காத்து குளிர்ந்த டயர்ல கேம்பர் ஸ்டிக்கர்ல போட்ட அளவுக்கு முழுசா அடிச்சிருக்கணும். பழைய கேம்பர் வாங்கறவங்க டயர் பக்கவாட்டுல DOTன்னு ஆரம்பிக்கற நம்பரோட கடைசி 4 இலக்கம் பாருங்க, 2319ன்னா 2019ஆம் வருஷம் 23ஆவது வாரம். பட்டன் தேயாம புதுசு மாதிரி இருந்தாலும் அந்த வயசு டயரை மாத்திட்டுத்தான் கிளம்பணும். டிரக் டயரும் சாதாரண பி-மெட்ரிக்கா (கார் ரக டயரா) இருந்தா பின் ஆக்ஸில் லோடுக்கு அது போதுமான்னு பாருங்க, எல்.டி (லைட் டிரக்) டயர் போட்டா பக்கச் சுவர் நெளியறது குறையும்.

சாமான் ஏத்தறது

ஃபிஃப்த் வீல்ல பெட்ரூமுக்குக் கீழ வெளியில இருந்து திறக்கற பெரிய அறை இருக்கும். இடம் இருக்குன்னு எல்லாரும் அதுலதான் நாற்காலி, கிரில், ஹோஸ், டூல்ஸ்னு அடைப்பாங்க. அது கேம்பர் சக்கரத்துக்கு ரொம்ப முன்னாடி, கிட்டத்தட்ட கிங்பின் பக்கத்துலயே இருக்கு, அங்க வைக்கற சாமான்ல பெரும்பகுதி நேரா டிரக் முதுகுல ஏறும். கேஸ் சிலிண்டரும் பேட்டரியும் ஏற்கெனவே அந்தப் பக்கம்தான். கனமான அரிசி மூட்டை, டின் சாமான், வார்ப்புச் சட்டி இதெல்லாம் சக்கரத்துக்கு மேல வர்ற கேபினெட்ல தரை மட்டத்துல வையுங்க. அதுக்காக எல்லாத்தையும் பின்னாடி தள்ளிடாதீங்க, கிங்பின் 15 சதவீதத்துக்குக் கீழ போனா ஃபிஃப்த் வீலும் ஆடத்தான் செய்யும்.

தண்ணி ஒரு கேலன் 8.34 பவுண்ட். 50 கேலன் டேங்க் நிறைச்சா 417 பவுண்ட். போற இடத்துல குழாய் இருந்தா காலி டேங்கோட போயி அங்க பிடிச்சுக்கலாம், வழியில கை கழுவ, டாய்லெட்டுக்கு அஞ்சாறு கேலன் போதும். திரும்பி வரும்போது கழிவுத் தண்ணி டேங்கை டம்ப் ஸ்டேஷன்ல காலி பண்ணிட்டுக் கிளம்புங்க.

எடை மேடை

கணக்கெல்லாம் பேப்பர்ல இருக்கட்டும், நிஜம் தெரிய கேட் ஸ்கேல்ங்கற லாரி எடை மேடைக்குப் போகணும். பைலட், லவ்ஸ் மாதிரி டிரக் ஸ்டாப்ல இருக்கும். முன் சக்கரம் ஒரு பலகை, பின் சக்கரம் ஒரு பலகை, கேம்பர் சக்கரம் ஒரு பலகைன்னு நிக்கற மாதிரி நிறுத்தி பட்டன் அழுத்தி பேசணும், ஆப்லயும் பண்ணலாம். முதல்ல கேம்பரோட, அப்புறம் கேம்பரைப் பக்கத்துல கழட்டி வச்சுட்டு டிரக் மட்டும். ரெண்டு தடவையும் ஆளுங்க எல்லாரும் உள்ளயே இருக்கணும், ஹிட்ச்சும் பெட்லயே இருக்கணும், இல்லேன்னா கணக்கு உதைக்கும்.

மேல சொன்ன அதே வண்டியோட சீட்டு இப்படி வரும்னு வச்சுக்கோங்க. டிரக் மட்டும்: முன் 3,180, பின் 2,620, மொத்தம் 5,800. கேம்பரோட: முன் 3,240, பின் 3,800, கேம்பர் சக்கரம் 5,060, மொத்தம் 12,100.

இதை இப்படிப் படிக்கணும். கேம்பரோட நிக்கும்போது டிரக்கோட ரெண்டு ஆக்ஸிலும் சேர்ந்து 7,040, அதுல தனி டிரக் 5,800ஐக் கழிச்சா 1,240, இதுதான் உங்க நிஜ கிங்பின் வெயிட். 12,100ல 5,800ஐக் கழிச்சா கேம்பர் மொத்தம் 6,300. 1,240ஐ 6,300ஆல வகுத்தா 19.7 சதவீதம், ஆரோக்கியமான நம்பர். டிரக்கோட எல்லை 7,050, நிக்கறது 7,040. பாஸ்தான், ஆனா போற வழியில விறகுக் கட்டு ஒண்ணு வாங்கி பெட்ல போட்டா ஃபெயில். பின் ஆக்ஸில் எல்லை ஸ்டிக்கர்ல 4,050ன்னு இருந்தா 3,800க்குப் பிரச்சனை இல்ல. என்னைக் கேட்டா எல்லையில ஒரு 10 சதவீதம் மிச்சம் வச்சு கேம்பர் தேடறது புத்திசாலித்தனம், ஏன்னா வாங்கினப்புறம் சாமான் கூடுமே தவிர குறைஞ்சதா சரித்திரமே இல்ல.

மாட்டறது, வரிசையா

1. கேம்பர் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டை போடுங்க. வேற எதையும் தொடறதுக்கு முன்னாடி இது.

2. டிரக் டெயில்கேட்டை இறக்குங்க. இறக்க மறந்து ரிவர்ஸ் வந்து கேம்பர் மூக்குல டெயில்கேட்டை நசுக்கறது ஃபிஃப்த் வீல் உலகத்துல தினசரி நடக்கற கூத்து.

3. ஹிட்ச் கைப்பிடியை இழுத்து, கிங்பின்னைக் கவ்வற அதோட வாயைத் திறந்து வையுங்க.

4. லேண்டிங் கியரை, அதாவது கேம்பரோட முன் காலை, ஏத்தி இறக்கி உயரம் சரி பண்ணுங்க. கிங்பின் பிளேட்டோட அடி, ஹிட்ச் பிளேட் மட்டத்துக்கு அரை இன்ச் கீழயே இருக்கணும். டிரக் பின்னாடி வரும்போது ஹிட்ச் பிளேட் சரிஞ்சு அடியில புகுந்து கேம்பரை லேசாத் தூக்கணும், அதுதான் சரியான உயரம். கேம்பர் உசரமா இருந்தா கிங்பின் மேலயே நின்னுக்கும், வாய் அதோட நுனியை மட்டும் கவ்வும், பார்க்க மாட்டின மாதிரியே இருக்கும், முதல் பள்ளத்துல கழண்டு பெட் சுவர் மேல விழும்.

5. நேரா, மெதுவா ரிவர்ஸ் வாங்க. டங்னு ஒரு சத்தம் வரும். சத்தம் வந்துடுச்சுன்னு நம்பாம இறங்கிப் போய் டார்ச் அடிச்சுப் பாருங்க. ரெண்டு பிளேட்டுக்கும் நடுவுல வெளிச்சம் தெரியக்கூடாது, கிங்பின்னோட இடுங்கின கழுத்தைச் சுத்தி வாய் முழுசா மூடியிருக்கணும், கைப்பிடி கடைசி வரைக்கும் உள்ள போயிருக்கணும். பாதியில நின்னா மூடலைன்னு அர்த்தம். சரியா இருந்தா கைப்பிடியில சேஃப்டி கிளிப் போடுங்க.

6. 7 பின் கேபிளைச் செருகுங்க. பிரேக்அவே கம்பியை டிரக்ல ஒரு தனி இடத்துல மாட்டுங்க, ஹிட்ச் கைப்பிடியில மாட்டக்கூடாது. கேம்பர் கழண்டு போனா இந்தக் கம்பி இழுபட்டுத்தான் கேம்பரோட சொந்த பேட்டரியில பிரேக் பிடிக்கும், அதனால கேம்பர் பேட்டரி சார்ஜ் இருக்கான்னும் பாருங்க.

7. இழுத்துப் பார்க்கறது. சக்கரத்துக்குக் கட்டை இருக்கட்டும், லேண்டிங் கியர் காலைத் தரையை விட்டு ஒரு இன்ச்சுக்குள்ளயே வையுங்க, கை லீவரால கேம்பர் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு டிரக்கை மெதுவா முன்னாடி இழுங்க. அசையாம நின்னா மாட்டியிருக்கு. கழண்டாலும் ஒரு இன்ச்தான் இறங்கும், டிரக் தப்பிச்சுக்கும்.

8. லேண்டிங் கியர் முழுசா மேல, டெயில்கேட் மேல, லைட் எல்லாம் எரியுதான்னு ஒருத்தர் பின்னாடி நின்னு பார்க்கணும், கடைசியா கட்டையை எடுங்க. நடுவுல யாராவது பேச்சுக் கொடுத்தா திரும்ப ஒண்ணுல இருந்து ஆரம்பிங்க.

ரோட்ல

திரும்பும்போது சாதாரண டிரெய்லரை விட ஃபிஃப்த் வீல் உள்பக்கம் ஜாஸ்தி வெட்டும், ஏன்னா திரும்பற புள்ளி பம்பர்ல இல்லாம இன்னும் முன்னாடி, டிரக்கோட பின் ஆக்ஸில் மேலயே இருக்கு. பெட்ரோல் பங்க்ல ஓரத்து மஞ்சத் தூணை உரசறது பெரும்பாலும் இதனாலதான். சந்திப்புல இன்னும் கொஞ்சம் நேரா போயிட்டு அப்புறம் ஸ்டியரிங்கைத் திருப்புங்க, உள்பக்கக் கண்ணாடியில கேம்பர் சக்கரத்தைப் பார்த்துக்கிட்டே இருங்க.

மலை ஏற்றத்துல டோ ஹால் மோடு (பாரம் இழுக்கறதுக்கான கியர் செட்டிங்) போட்டுடுங்க. கொலராடோவுல ஐ-70 ஹைவேல ஐசன்ஹோவர் சுரங்கம் 11,158 அடியில இருக்கு, டர்போ இல்லாத எஞ்சின் 1,000 அடிக்கு சுமார் 3 சதவீதம் சக்தி இழக்கும், அங்க போறப்ப மூணுல ஒரு பங்கு காணாமப் போயிருக்கும். டர்போ எஞ்சின் அவ்வளவு பாதிக்காது. ஏறும்போது 40ல போனாலும் பரவாயில்ல, வலது லேன்லயே போங்க, டிரான்ஸ்மிஷன் சூட்டைப் பார்த்துக்கோங்க.

இறங்கறதுதான் விஷயம். அதே சுரங்கத்துல இருந்து மேற்கே சில்வர்தார்ன் பக்கம் இறங்கும்போது 7 சதவீத சரிவு மைல் கணக்குல வரும். இறக்கம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சு கியரை இறக்கிடுங்க, எஞ்சின் 4,000 ஆர்.பி.எம்ல கத்தினாலும் பயப்பட வேணாம், அது பிடிக்கத்தான் கத்துது. பிரேக்கை விடாம தேய்ச்சுக்கிட்டே வராதீங்க, நல்லா ஒரு தடவை அழுத்தி 10 மைல் குறைச்சுட்டு விடுங்க, திரும்ப ஏறினா திரும்ப அழுத்துங்க. கருகின வாசனை வந்தா அடுத்த ஓரத்துல நிறுத்தி ஆறவிட்டுட்டுப் போங்க.

உயரம். உங்க கேம்பர் மாட்டின நிலையில ஏசி உச்சி வரைக்கும் எவ்வளவுன்னு டேப் வச்சு அளந்து அந்த நம்பரை டேஷ்போர்டுல ஒட்டி வையுங்க, 12 அடி, பன்னெண்டரை அடி சாதாரணமா வரும். நார்த் கரோலினா டர்ஹம்ல ஒரு ரயில் பாலம் இருக்கு, 11 அடி 8 இன்ச், எத்தனையோ லாரி கூரையை உரிச்சிருக்கு. 2019ல தூக்கி 12 அடி 4 இன்ச் ஆக்கினாங்க, அப்பவும் பன்னெண்டரை அடி கேம்பருக்குப் போதாது. கார்ல போற சாதாரண மேப் ஆப் இதெல்லாம் சொல்லாது, ஆர்வி உயரம் போடற நேவிகேஷன் வச்சுக்கோங்க. கனெக்டிகட்ல மெரிட் பார்க்வேல டிரெய்லரே போகக்கூடாது, நியூயார்க் பக்கம் பார்க்வேயும் அப்படித்தான். பால்டிமோர்ல துறைமுகத்துக்கு அடியில போற சுரங்கத்துல கேம்பர் சைஸ் புரோப்பேன் சிலிண்டரோட போகக்கூடாது, முன்ன அதுக்கு மாத்து வழியா இருந்த கீ பாலம் 2024 மார்ச்ல கப்பல் மோதி விழுந்துடுச்சு, அதனால ஊரை மேற்கால சுத்திக்கிட்டுப் போகணும். கலிஃபோர்னியாவுல டிரெய்லர் இழுக்கற வண்டிக்கு எங்க போனாலும் 55தான்.

ரிவர்ஸும் கழட்டறதும்

ஸ்டியரிங்கோட அடிப்பக்கத்துல கை வச்சுக்கோங்க, கை எந்தப் பக்கம் போகுதோ கேம்பர் பின்பக்கமும் அந்தப் பக்கம் போகும். ஃபிஃப்த் வீல் பால் ஹிட்ச்சை விட மெதுவாத்தான் பேச்சைக் கேக்கும், ஒண்ணும் நடக்கலையேன்னு இன்னும் திருப்பிடாதீங்க, ஒரு வினாடி விட்டுத் திரும்ப ஆரம்பிக்கும், அப்பவே நேராக்கத் தொடங்கணும். டிரைவர் பக்கமா மடக்கி உள்ள போற சைட்டா பார்த்து புக் பண்ணினா ஜன்னல் வழியாவே எல்லாம் தெரியும். பின்னாடி நின்னு வழி சொல்றவங்களை உங்க கண்ணாடியில பார்க்க முடியலேன்னா வண்டியை நிறுத்திடுங்க. கணவன் மனைவி சண்டை பாதி இந்த நிமிஷத்துலதான் வரும், கத்தறதுக்குப் பதிலா ரெண்டு பேரும் ஃபோன்ல ஸ்பீக்கர் போட்டுப் பேசுங்க.

சைட்ல நிறுத்தினதும் கழட்டறதுக்கு முன்னாடியே இடது வலது மட்டம் பார்த்து, தாழ்ந்த பக்கச் சக்கரத்துக்கு அடியில பலகை வச்சு ஏத்திடுங்க. அப்புறம் கட்டை. லேண்டிங் கியரை இறக்கி டிரக் பின்பக்கம் லேசா நிமிர்ற வரைக்கும் ஏத்துங்க. கைப்பிடி இழுக்க வரலேன்னா டிரக்கை ஒரு இன்ச் பின்னாடி தள்ளி கிங்பின் மேல இருக்கற இறுக்கத்தை எடுத்தா வந்துடும், சுத்தியலால அடிக்கற வேலை வேணாம். கேபிள், பிரேக்அவே கம்பி ரெண்டையும் கழட்டி டெயில்கேட்டை இறக்கினப்புறம் நாலு இன்ச் மட்டும் முன்னாடி போய் நிறுத்தி இறங்கிப் பாருங்க, கேம்பர் கால்ல நிலையா நிக்குதுன்னா மிச்சம் போகலாம். ஆட்டோ லெவலிங் இருக்கற கேம்பர்னா பட்டனை அதுக்கப்புறம் அழுத்துங்க, கழட்டின உயரத்தை அது ஞாபகம் வச்சுக்கும், கிளம்பற அன்னைக்கு அதே உயரத்துக்குத் திரும்பக் கொண்டு வந்துடும்.

முதல் பயணம் முடிஞ்சு வீட்டுக்கு வந்ததும் ஹிட்ச் ரெயில் போல்ட் எல்லாத்தையும் கிட்ல போட்டிருக்கற டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு திரும்ப முறுக்குங்க, முதல் சில நூறு மைல்ல கொஞ்சம் தளரத்தான் செய்யும். ஹிட்ச் பிளேட்ல கிரீஸ் தடவணும், கை அழுக்காகறது பிடிக்காதவங்க கிங்பின்ல மாட்டற பிளாஸ்டிக் தட்டு வாங்கிக்கலாம், விலை கம்மிதான். அடுத்த டிரிப் வரைக்கும் ஹிட்ச்சைக் கழட்டி கராஜ்ல வச்சுடுங்க, காஸ்ட்கோ கடைக்குப் போக 150 பவுண்ட் இரும்பைச் சுமந்துக்கிட்டுத் திரிய வேண்டியதில்ல.